தண்ணீர் வடிந்துவிட்டது, வீடு இன்னும் காயவில்லை

வெள்ளத்துக்குப் பிந்தைய சீரமைப்பைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும் நிவாரண அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வெள்ளத்தில் ஊறிய கட்டடங்களைக் காயவைப்பது என் தொழில். மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தவர்கள் கிளம்பிய பிறகு நாங்கள் உள்ளே போவோம். பூசுவேலைக்காரரும் பெயிண்டரும் வருவதற்கு முன்பு வெளியே வருவோம், அல்லது வந்திருக்க வேண்டும். நான் பார்த்த சீரமைப்புத் திட்டங்களில் இந்த இடைக்காலத்துக்குப் பெயர்கூட இல்லை. மீட்பு இருக்கிறது, நிவாரணம் இருக்கிறது, மறுகட்டுமானம் இருக்கிறது. காயவைத்தல் என்று ஒரு கட்டம் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதற்காகவே இந்த மடல்.

ஒரு வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்பளவுத் தண்ணீர் இரண்டு நாள் நின்ற வீடு. உதவித்தொகையின் அடுத்த தவணை வேண்டுமென்றால், சீர்செய்த சுவரின் புகைப்படத்தைக் குறித்த நாளுக்குள் தரவேண்டும் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்ததுபோலத்தான் இருந்தது. பூசினார், வெள்ளையடித்தார், படம் எடுத்துக் கொடுத்தார், பணமும் வந்தது. மூன்றாம் மாதம் என்னைக் கூப்பிட்டார்கள். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி நின்றது. கட்டிலுக்குப் பின்னால் கரும்பச்சையாகப் பூஞ்சை. அந்த அறையில் படுத்த குழந்தைக்கு இருமல் நிற்கவே இல்லை. சுவரின் ஈரத்தை அளக்கும் மீட்டரை வைத்தேன். செங்கலுக்குள் ஈரம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. புதுப் பூச்சை அடிவரைக்கும் கொத்தி எடுக்க வேண்டியதாயிற்று. கிடைத்த உதவியெல்லாம் ஈரச் சுவர்மேல் அப்பி வீணாய்ப்போனது. பூசியவர்மேல் தப்பில்லை. படம் கேட்ட ஊழியரையும் நான் குறை சொல்லமாட்டேன். அவர் கையிலிருந்த படிவத்தில் 'சுவர் காய்ந்ததா, யார் அளந்தார்கள்' என்று கேட்க இடமே இல்லை.

தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும் சுவர் உள்ளே ஏன் ஈரமாக இருக்கிறது? செங்கலும் காரையும் கான்கிரீட்டும் நுண்துளைகளால் ஆனவை. தண்ணீர் உள்ளே நுழைய ஒரு நாள் போதும், வெளியே வர மாதங்கள் ஆகும். மேற்பரப்பு காற்றுப்பட்டுச் சீக்கிரம் உலர்ந்துவிடும். உள்ளே இருப்பதோ துளை துளையாக ஊர்ந்து மேலே வந்து, பிறகுதான் ஆவியாக வேண்டும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்று கட்டடக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். தோராயக் கணக்குதான். இருபக்கமும் திறந்திருக்கும் சுவர் முந்திக் காயும், ஒரு பக்கம் டைல்ஸ் ஒட்டிய சுவர் பிந்திக் காயும். ஆனாலும் ஒன்பது அங்குலச் சுவருக்கு இரண்டு வாரம் கொடுத்துவிட்டுப் பூசச் சொல்வது எவ்வளவு தவறு என்பதை அந்தக் கணக்கே காட்டிவிடும்.

பூஞ்சை அத்தனை நாள் பொறுக்காது. நனைந்த பொருளில் அது வேர்பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது பல பகுதிகளில் தண்ணீர் வாரக்கணக்கில் நின்றது. அந்த அக்டோபரில் அங்கே 112 வீடுகளை ஆய்வு செய்ததில் 46 சதவீத வீடுகளில் பூஞ்சை கண்ணுக்கே தெரிந்தது. சுவர்ப் பலகைக்குப் பின்னாலும் தரைக்கடியிலும் மறைந்திருப்பது இந்தக் கணக்கில் வராது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சுக்கோளாறும் ஆஸ்துமாவும் கூடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே வழிகாட்டு நூலாக எழுதிவைத்துவிட்டது.

இனி காற்றின் கணக்கு. இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதில்தான் நிற்கிறது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். நாலு மீட்டருக்கு நாலு மீட்டர், மூன்று மீட்டர் உயரம் என்று ஓர் அறையை வைத்துக்கொள்வோம். அதன் காற்று முழுதும் சேர்ந்தால்கூட ஒன்றரை லிட்டர் தண்ணீருக்குமேல் சுமக்காது. ஆனால் நன்றாக ஊறிய செங்கல் சுவர், ஒரு கன மீட்டருக்கு நூறு லிட்டருக்கும் மேலே தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பூட்டிய அறையில் முதல் ஒன்றரை லிட்டர் ஆவியானதும் காற்றின் வயிறு நிரம்பிவிடும். அதற்குமேல் சுவரிலிருந்து ஒரு சொட்டு வெளியேறாது. வெள்ளத்துக்குப் பிறகு சாமான்களைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு முகாமுக்குப் போகிறவர்களின் சுவர்கள் இப்படித்தான் வாரக்கணக்கில் ஊறிக்கிடக்கின்றன. அறைக்குள் மின்விசிறி மட்டும் சுழன்றால் அதே ஈரக்காற்றுதான் சுற்றிச்சுற்றி வரும். அந்த ஈரத்தை யாராவது வெளியே கொண்டுபோய்ப் போட வேண்டும். ஒன்று வெளிக்காற்று அதைச் செய்யவேண்டும், அல்லது காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும் டீஹியூமிடிஃபையர் என்ற இயந்திரம் செய்யவேண்டும்.

வெளிக்காற்று செய்தால் மகிழ்ச்சி. செலவே இல்லை. ஆனால் எப்போது செய்யும் என்பதைப் பார்த்தறிய வேண்டும். வெளியே 10 டிகிரிக் குளிர், காற்று ஈரத்தால் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கன மீட்டருக்கு ஒன்பது கிராம் சொச்சம் நீராவிதான் இருக்கும். 25 டிகிரி இருக்கும் வீட்டுக்குள் அது வந்து சூடேறினால் அதன் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அருமையான உலர்காற்று அது. இதற்கு நேர்மாறாக, வெளியே 30 டிகிரி, 85 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 25 கிராம். 25 டிகிரியில் குளிர்ந்திருக்கும் சுவரின் பக்கத்திலுள்ள காற்றால் 23 கிராம்தான் தாங்க முடியும். அப்போது ஜன்னலைத் திறந்துவைத்தால் சுவர் காயாது, மேலும் வியர்க்கும். வெள்ளம் வந்துபோன பல இடங்களில் அடுத்த பல நாட்களுக்கு வானிலை இப்படித்தான் நசநசவென்று இருக்கும். 'கதவு ஜன்னலை எல்லாம் திறந்துவையுங்கள்' என்று ஒரே வரியில் எல்லோருக்கும் அறிவிப்புக் கொடுக்காதீர்கள். ஈரப்பதமானி ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் வைத்துப் பார்த்துவிட்டு, இன்றைக்குத் திறப்பதா மூடுவதா என்று அந்தந்தப் பகுதிக்கு தினமும் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

வெளிக்காற்று கைவிடும் நாட்களில்தான் இயந்திரம். அது இரண்டு வகை. முதல் வகை குளிர்சாதனப் பெட்டியின் உறவு. கம்ப்ரஸர் ஒரு காயிலை, அதாவது சுருள் குழாயைக் குளிரவைக்கும், அதன்மேல் படும் காற்றின் ஈரம் நீர்த்துளியாகி வாளியில் சொட்டும், பிறகு அதே காற்று சூடான காயிலின் வழியே போய் அறைக்குத் திரும்பும். வெப்பமான அறையில் இதை மிஞ்ச ஆளில்லை. 15 டிகிரிக்குக் கீழே போனால் இதன் கை தளர்ந்துவிடும், காயிலில் பனி உறைந்துகொள்ளும். அப்படிப்பட்ட குளிருக்கு இரண்டாம் வகை. சிலிக்கா ஜெல் பூசிய சக்கரம் ஒன்று மெல்லச் சுழன்றபடி காற்றின் ஈரத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். சக்கரத்தின் இன்னொரு பகுதியில் சூடான காற்று பாய்ந்து அந்த ஈரத்தை விரட்டும். அந்த ஈரக்காற்றைக் குழாய் வைத்து வீட்டுக்கு வெளியே விடவேண்டும். குழாயை மாட்டாமல் ஓடவிட்டு, ஒரு கையால் எடுத்த ஈரத்தை மறுகையால் அறைக்கே திருப்பிக்கொடுத்த இடத்தையும் பார்த்திருக்கிறேன். நாலு நாள் மின்சாரம் வீண்.

கொள்முதல் செய்கிறவர்களுக்கு ஒன்று. பல இயந்திரங்களின் பெட்டிமேல் 'ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர்' என்று போட்டிருப்பது 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் அளந்த அளவு. அறை குளிர்ந்தாலோ ஓரளவு காய்ந்துவிட்டாலோ அந்த எண் மளமளவென்று இறங்கும். 20 டிகிரியிலும் 60 சதவீதத்திலும் எவ்வளவு எடுக்கும் என்று எழுதி வாங்குங்கள். இரண்டு இயந்திரங்களில் எதை எடுப்பது என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.

வாங்கிக் குவித்துவிட்டால் மட்டும் வேலை முடியாது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு நன்கொடையாக வந்த இயந்திரங்கள் பெட்டி பிரிக்காமல் மூலையில் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. மாணவர்களின் புத்தகங்கள் அடுத்த அறையில் பூசணம் பிடித்துக்கொண்டிருந்தன. வயரிங்கைச் சோதிக்க எலக்ட்ரீஷியன் வரவில்லை, அதனால் மின்சாரம் இல்லை, அதனால் இயந்திரம் ஓடவில்லை. ஒரே ஒரு ஆளை முதல் நாளே அனுப்பியிருந்தால் தீர்ந்திருக்கும்.

வயரிங் சோதனை முடியாமல் நனைந்த வீட்டில் எதையும் சொருகக் கூடாது. மின்கசிவு வந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் பிரேக்கர் இருக்கவேண்டும். ஜெனரேட்டர்தான் கதி என்றால் அது வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ நிற்கக் கூடாது, கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி வெட்டவெளியில் நிற்கவேண்டும். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெள்ளத்தில் தப்பியவர்கள் அதற்குப் பிறகு இதனால் செத்திருக்கிறார்கள். காயவைக்கிறேன் என்று புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டரை உள்ளே கொளுத்துவதும் அதே ஆபத்துதான். போதாததற்கு, ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேரும். காயவைக்க ஏற்றிய அடுப்பே சுவரை நனைக்கும்.

இயந்திரத்தை ஓடவிடுவதற்கு முன் செய்யவேண்டியவை இன்னும் உண்டு. வெள்ளநீர் சாக்கடையையும் கொண்டுவரும் என்பதால் சேற்றை வழித்து, கழுவி, ஊறிப்போன கம்பளம், ஜிப்சம் பலகை, வெப்பம் தடுக்கச் சுவருக்குள் அடைத்த பஞ்சு எல்லாவற்றையும் அகற்றியாக வேண்டும். ஊறிய பலகையை வைத்துக்கொண்டு அதன் பின்னால் இருக்கும் சுவரைக் காயவைக்க எந்த இயந்திரத்தாலும் ஆகாது. பூஞ்சை ஏற்கெனவே பிடித்துவிட்ட அறையில் பெரிய விசிறியைத் திருப்பிவிட்டால் அதன் வித்துகள் வீடு முழுக்கப் பரவும். அதனால் முதலில் சுத்தம், பிறகுதான் காற்று.

இயந்திரம் ஓடும்போது கதவு ஜன்னல் அடைத்திருக்கவேண்டும், இல்லையென்றால் தெருக்காற்றைத்தான் காயவைத்துக்கொண்டிருப்போம். ஓட்டைகள் நிறைந்த வீடு என்றால் நான் சுவரையொட்டிப் பிளாஸ்டிக் தாளால் ஒரு கூடாரம் மாதிரிக் கட்டி, அதற்குள் இயந்திரத்தை வைப்பேன். ராப்பகலாக ஓடவேண்டும். வாளியை நம்பினால் நடுராத்திரியில் அது நிரம்பி இயந்திரம் நின்றுவிடும், விடிவதற்குள் அறைக்காற்று மறுபடி ஈரத்தால் நிரம்பிவிடும். ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தித் தண்ணீரை நேராக வடிகாலுக்கு விட்டால் போதும். நான் பார்த்தவரையில் இயந்திரங்களின் பலன் மிகுதியும் வீணாவது இந்த ஒரு குழாய் இல்லாததால்தான். வடிகட்டியில் சிமெண்ட் தூசி அடைத்துக்கொள்வதையும் அன்றாடம் தட்டிவிட வேண்டும்.

காற்றோட்டமும் வெயிலும் தாராளமாக வரும் சிறு வீடுகளுக்கு இயந்திரம் எதற்கும் வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே அதை இறக்குவது பணத்துக்கும் கேடு, தேவைப்படுகிற இன்னொரு வீட்டுக்கும் கேடு. அடித்தளம், உள்ளறை, நூலகம், மருத்துவமனை, ஆவணக் காப்பறை, நெருக்கமாக எழுந்த அடுக்குமாடியின் கீழ்த்தளம், இவைதான் இயந்திரத்தை எதிர்பார்த்து நிற்பவை. அடித்தளங்களில் தண்ணீரையே அவசரமாக இறைத்துவிடாதீர்கள். வெளிமண் ஊறிச் சுவரை நெருக்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே இருந்த தண்ணீரின் எதிரழுத்தம் திடீரென்று போனால் சுவர் உள்வாங்கிச் சரிந்துவிடும். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கில் இறைப்பதுதான் பாதுகாப்பு.

வேகமே எப்போதும் நல்லது என்று நான் சொல்லவில்லை. 1966 நவம்பர் 4-ஆம் தேதி ஆர்னோ ஆறு இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குள் புகுந்து, மரப்பலகைகளில் தீட்டிய பழைய ஓவியங்களை நனைத்துவிட்டது. அவற்றைச் சட்டென்று காயவைத்திருந்தால் மரம் சுருங்கி, அதன்மேல் இருந்த வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். அந்த நகரின் போபோலி தோட்டத்தில் எலுமிச்சை மரங்களைக் குளிர்காலத்தில் காக்கக் கட்டிய கூடத்தில் அவற்றைக் கிடத்தினார்கள். முதலில் ஈரப்பதத்தை 90 சதவீதத்துக்கும் மேலே வைத்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைத்தார்கள். பழைய மரத்தூண், மரத்தளம், சுண்ணாம்புச் சுவர் உள்ள கட்டடங்களுக்கும் அந்தப் பொறுமைதான் வேண்டும். அங்கே முழு வேகத்தில் இயந்திரத்தை முடுக்கினால் மரம் வெடிக்கும். சுவருக்குள் இருக்கும் உப்பு மேற்பரப்புக்கு வருமுன்பே உள்ளே படிகமாகிக் காரையைப் பிளந்து தள்ளும்.

உப்பைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கடல் புகுந்த கட்டடம் வேறு சாதி. தண்ணீர் போனாலும் உப்பு சுவருக்குள் தங்கிவிடும். சாதாரணச் சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானே கரைந்து கசியத் தொடங்கும். கோடையில் காய்ந்ததாக எழுதிக் கொடுத்த சுவரில் அடுத்த மழைக்காலத்தில் ஓதம் அடிப்பது இதனால்தான். அத்தகைய சுவரை முதலில் நல்ல தண்ணீரால் கழுவவேண்டும், உவர் பூத்துவரும்போது உலர்ந்த தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி காயவிடவேண்டும். உப்பேறிய பழைய காரையைச் செதுக்கியும் போடவேண்டும். இயந்திரம் அங்கே துணை மட்டும்தான்.

எப்போது போதும் என்று எப்படித் தெரியும்? கையால் தொட்டால் தெரியாது, கண்ணால் பார்த்தால் தெரியாது, ஆகவே அளக்கவேண்டும். மரச்சட்டத்தில் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் அதைப் பலகை போட்டு மூடலாம். 20-ஐத் தாண்டி நின்றால் மரம் உளுத்துப்போக வாய்ப்புண்டு. செங்கல் சுவருக்கு நான் நம்புவது ஒப்பீட்டைத்தான். அதே வீட்டில் வெள்ளம் தொடாத மாடிச் சுவரில் மீட்டர் என்ன காட்டுகிறதோ அதற்குப் பக்கத்தில் கீழ்ச்சுவரும் வரவேண்டும். உப்பேறிய சுவரில் ஊசி வைத்த மீட்டர் இல்லாத ஈரத்தையும் இருப்பதாகக் காட்டும் என்பதால் அங்கே அதை மட்டும் நம்பக் கூடாது. மீட்டர் கிடைக்காத இடத்திலும் ஒரு வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைக் கான்கிரீட் தரைமேல் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். தாளின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தாலோ தரை கருத்திருந்தாலோ ஈரம் இன்னும் மேலே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அறைக்காற்றின் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழேயே வைத்திருந்தால் இந்த நாட்களில் பூஞ்சை தலைதூக்காது.

இப்போது உங்களிடம் நேராகக் கேட்கிறேன். உதவித்தொகையின் தவணையை நாட்காட்டியோடு கட்டாதீர்கள், சுவரின் அளவீட்டோடு கட்டுங்கள். காயும்வரை அந்தக் குடும்பம் வேறெங்காவது தங்குவதற்கான செலவும் நிவாரணத்தின் பகுதியாகட்டும், ஏனென்றால் ஈர வீட்டில் சமைத்துக் குளித்துத் துணி உலர்த்தி வாழ்ந்துகொண்டே அதைக் காயவைக்கச் சொல்வது அவர்களை நோயில் தள்ளுவது. இயந்திரங்களை வீட்டுக்கொன்றாகத் தானம் செய்யவேண்டாம். ஒரு பொதுக் கிடங்கில் வைத்து, ஒரு சுவர் காய்ந்ததும் அடுத்த சுவருக்கு நகர்த்துங்கள். எங்கே முடிந்தது என்பதை அளவீடுதான் சொல்லவேண்டும், செல்வாக்கு சொல்லக் கூடாது. பாதிக்கப்பட்ட பகுதியின் இளைஞர்களிலேயே சிலருக்கு மீட்டர் பிடிக்கவும் குழாய் மாட்டவும் வடிகட்டி தட்டவும் சொல்லிக்கொடுங்கள். ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள், சம்பளமும் அவர்களுக்கே போகட்டும். பம்பு வாங்கும் அதே பட்டியலில் இயந்திரமும் ஈரப்பதமானியும் மீட்டரும் குழாயும் சேர்ந்து வரவேண்டும், வெள்ளம் வருவதற்கு முன்பே.

படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும். அளந்த தேதி, அளந்த இடம், காட்டிய எண், அளந்தவர் கையெழுத்து. அந்த நாலு வரியின் வரைவை எழுத என்னைக் கூப்பிட்டால், இத்தனை ஆண்டு எழுதிவைத்த அளவீட்டுக் குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
நனைந்த சுவர்களோடு வேலை செய்யும் ஒருவர்